வாலிநோக்கத்தில் ஒரு கதவு

சீட்டின் பின்பக்கம் டாக்டர் நஸ்ரின்
ஒரு கத்தரிக்காய் வரைந்தாள்.
இதுதான் பை என்றாள்.
அதன் சுவரில் பேனா முனையால்
புள்ளி, புள்ளி, இன்னும் புள்ளி.
ஒவ்வொன்றும் ஒரு கதவாம்,
கண்ணுக்குத் தெரியாத கதவு,
எண்ணி மாளாதாம்.

"அதுல என்ன போகும் வரும்?"
"உப்பு."

சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் கொஞ்சம் நனைந்தது.
அதற்காகத்தான் வந்திருந்தேன்,
ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம் என்று
பஸ்ஸின் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
பல்லைக் கடித்துக்கொண்டு,
விடிந்ததிலிருந்து ஒரு மடக்கும் குடிக்காமல்.

சோடியம், கால்சியம், பொட்டாசியம் என்றாள்.
மூன்றும் எனக்கு வேண்டியவர்கள்தான்.
பாத்தியில் தண்ணீர் சுண்டும்போது
முதலில் அடியில் படிகிற சுண்ணாம்பு வெள்ளை, அது கால்சியம்.
பத்தொன்பது வருஷமாக நான்
பலகை போட்டு இழுத்துக் குவிப்பது சோடியம்.
கடைசிவரை படியாமல்
கசப்புத் தண்ணீரிலேயே கிடந்து
மடை திறந்ததும் கடலுக்குத் திரும்புவதில்
பொட்டாசியமும் உண்டு.
எனக்குள்ளேயும் இதே வேலை நடக்கிறது,
கூலி கிடையாது என்பது
இன்றைக்குத்தான் தெரியும்.

பை நிறைய நிறையச் சுவர் இழுபடுமாம்.
இழுபட்டால் திறக்கிற கதவுகள் சில,
அவை நரம்பைத் தட்டி எழுப்புமாம்.
கால்சியம் உள்ளே பாய்ந்தால் தசை சுருங்கும்.
பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும்,
பொறு, இன்னும் கொஞ்ச நேரம் என்று.
"உங்களுக்குப் பொறுக்கச் சொல்ற கதவு
அசந்துபோச்சுன்னு வச்சுக்கங்க."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"பகல்ல எத்தனை தடவை போவீங்க?"

கணக்குப் பார்த்தேன்.
விடியுமுன் ஒன்று, உடைமரத்துக்குப் பின்னால்.
இருட்டியபின் ஒன்று.
நடுவில் அளம்.
அளம் என்றால் தட்டை.
உச்சி நேரத்தில் உப்புக் குவியலின் நிழல்
ஒரு காக்காய்க்குக் காணாது.
கக்கூஸ் ஒன்று இருக்கிறது,
இல்லை என்று சொல்லக் கூடாது.
சுவர் உண்டு, கூரை உண்டு,
நீல எழுத்தில் 'பெண்கள்' உண்டு.
கதவு புயலில் போனது.
எந்தப் புயலில் என்று
மேஸ்திரி வில்வதுரைக்கும் கணக்கருக்கும்
இன்னும் தகராறு.

"குடிக்காம இருந்தா கெட்டியாகும்,
சுவரை அரிக்கும்" என்றாள்.
தண்ணீர் சுண்டினால் என்ன ஆகும் என்று
எனக்கா சொல்ல வேண்டும்.

மாத்திரை கேட்டது, பாதி.
நாக்கு மட்டும் காய்ந்த சங்காயமாய் ஒட்டியது.
ஆனாலும் சாயங்காலம்
வீட்டுப் பூட்டில் சாவியைச் செருகும்போது
முட்டிக்கொண்டு வருவது நிற்கவில்லை.
ரெண்டு மைல் நடையைப் பொறுத்தது
அரை நிமிஷத்தைப் பொறுக்காது.
வீட்டுக் கதவின் சத்தம்
உள்ளே இருக்கும் கதவுகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

செய்யதம்மாளிடம்தான் சொன்னேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் தலையில் ஒரு பலகையோடு வந்தாள்,
முந்தல் கரையில் ஒதுங்கிய
ஏதோ உடைந்த வள்ளத்தின் மேல்தட்டு.
பச்சைப் பெயிண்டில் 'துணை' என்று மட்டும் இருந்தது.
யார் துணை என்பது உடைந்த பாதியோடு போயிருந்தது.
கீலுக்கு வலைக்கயிறு.
தாழ்ப்பாளுக்கு ஒரு கரண்டிக் காம்பு.

"யாரைக் கேட்டு மாட்டுனீங்க?"
மேஸ்திரி வெளியே நின்று கத்தினார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
உள்ளே செய்யதம்மாள் இருந்தாள்.

அடுத்து நான்.
காலை பத்தரை மணி.
கயிற்றுச் சந்தில் ஒரு நூல் வெயில்.
பலகைக்கு அந்தப் பக்கம்
யாரோ வாளியை இழுத்துப் போகும் சத்தம்.
உட்கார்ந்தேன்.

வரவில்லை.

பூட்டைக் கண்டால் பாய்கிறது
பகலைக் கண்டு பம்மிக் கிடந்தது.
கண்ணை மூடினேன்.
மடையில் முதல் தண்ணீர்
மண்ணை நனைக்கத் தயங்குமே, அப்படி.

"என்னடி, முடிஞ்சுச்சா?" என்று
செய்யதம்மாள் பலகையைத் தட்டினாள்.

"இரு, இப்பத்தான்
ஒவ்வொண்ணாத் தொறக்குது."